மீட்டரில் 19 ஆயிரம்... சர்வீஸ் ரெக்கார்டில் 61 ஆயிரம்! பழைய வண்டி வாங்கப் போறவங்க உஷார்

திருப்பூர்:-

"கம்மி ஓட்டம் சார்... சிங்கிள் ஓனர்... டாக்டர் ஓட்டுன வண்டி... கண்ணை மூடிட்டு எடுத்துட்டு போங்க!"

பழைய வண்டி வாங்கப் போனால் காதில் விழும் முதல் வார்த்தை இதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு பனியன் கம்பெனி தொழிலாளி ஒருவரின் கதையே சாட்சி.

அவர் ஓவர்லாக் டெய்லர். பல்லடம் ரோடு பக்கம் வாடகை வீடு. கம்பெனிக்கும் வீட்டுக்கும் 14 கிலோ மீட்டர். நைட் ஷிப்ட் முடிந்தால் பஸ் கிடையாது. ஒரு பைக் இருந்தால் ஓவர் டைமும் பார்க்கலாம் என்று நினைத்தார்.

2024 தீபாவளிக்கு போனஸ் 16 ஆயிரம் வந்தது. மனைவியின் தோட்டை அடகு வைத்து 20 ஆயிரம். கைமாத்து 10 ஆயிரம். ஆக மொத்தம் 46 ஆயிரம் ரூபாயை கன்சல்டிங் ஒன்றில் கொடுத்து 2017 மாடல் பைக் ஒன்றை எடுத்தார்.

மீட்டரில் 19 ஆயிரத்து 400 கிலோ மீட்டர் காட்டியது. வண்டி பார்க்க பளபளன்னு இருந்தது. புது சீட் கவர், புது ஸ்டிக்கர், புது கிரிப்.

இரண்டே மாதம்தான்.

வண்டி பின்னாடி நீல நிறத்தில் புகை தள்ள ஆரம்பித்தது. ஆயில் ஊற்ற ஊற்ற குறைந்தது. ஒரு நாள் நடு ராத்திரி கம்பெனி விட்டு வரும்போது ரோட்டிலேயே படுத்துவிட்டது. 6 கிலோ மீட்டர் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறார்.

மெக்கானிக் என்ஜினை பிரித்துப் பார்த்தார். பிஸ்டன், ரிங், போர் எல்லாம் தேய்ந்து போயிருந்தது. செலவு 11 ஆயிரத்து 500 ரூபாய்.

"அண்ணா, இது 19 ஆயிரம் ஓடின என்ஜின் இல்லீங்க. எதுக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல போய் நம்பரை சொல்லி பழைய ரெக்கார்டு கேளுங்க" என்று மெக்கானிக் சொல்லி அனுப்பினார்.

ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு போனார். கம்ப்யூட்டரை தட்டிப் பார்த்த ஊழியர் சொன்னதைக் கேட்டு தலையில் கை வைத்துக்கொண்டார்.

2022-ல் அந்த வண்டி கடைசியாக சர்வீசுக்கு வந்தபோதே ஜாப் கார்டில் எழுதியிருந்த கிலோ மீட்டர்... 61 ஆயிரத்து 280!

மீட்டர் பின்னாடி போனது எப்படி?

வண்டி முன்னாடிதான் போகும். மீட்டர் மட்டும் பின்னாடி போகுமா? போகும். போக வைக்கிறார்கள்.

பழைய வண்டிகளில் சக்கரத்தில் இருந்து ஒரு கேபிள் மீட்டருக்கு போகும். சக்கரம் சுற்ற சுற்ற உள்ளே இருக்கிற நம்பர் உருளைகள் சுற்றும். மீட்டரை பிரித்து உருளைகளை கையாலேயே மாற்றிவிடும் வேலை ரொம்ப காலமாக நடக்கிறது.

இன்னொரு வேலை, கேபிளை கழட்டி விட்டுவிட்டு ஓட்டுவது. வண்டி ஓடும், மீட்டர் தூங்கும். விற்கும்போது கேபிளை மாட்டிவிடுவார்கள்.

"இப்போ எல்லாம் டிஜிட்டல் மீட்டர். அதை ஒண்ணும் பண்ண முடியாது" என்று பலர் நம்புகிறார்கள். அது தப்பு. டிஜிட்டல் மீட்டரில் கிலோ மீட்டர் கணக்கு ஒரு சிப்பில் பதிவாகி இருக்கும். அதையும் கருவி வைத்து திருத்திவிடுகிறார்கள். உருளையை திருப்பினால் நம்பர் கோணலாக நிற்கும், கண்டுபிடித்துவிடலாம். டிஜிட்டலில் அந்தத் தடயம் கூட இருக்காது.

தொழிலில் 25 வருடம் இருக்கிற மெக்கானிக் ஒருவர், "என் பேரு போடாதீங்க" என்ற கண்டிஷனோடு நம்மிடம் கூறியதாவது:-

"மீட்டரை குறைக்க ஆகிற செலவு சில நூறு ரூபாய்தானுங்க. ஆனா 60 ஆயிரம் ஓடின வண்டியை 20 ஆயிரம்னு சொன்னா, விலையில ஆயிரக்கணக்குல ஏத்திடலாம். கார்னா அது லட்சம் வரைக்கும் போகும். எல்லா கன்சல்டிங்கும் இப்படின்னு சொல்ல மாட்டேன். நியாயமா தொழில் பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா ஒரு வண்டி மூணு, நாலு கை மாறி வருது. எந்த கையில மீட்டர் குறைஞ்சதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்" என்றார்.

வெறும் நம்பர்தானே... என்ன கெட்டுப் போச்சு?

காசு போவது ஒரு பக்கம். உயிர் போகும் ஆபத்து இன்னொரு பக்கம் இருக்கிறது.

வண்டியில் எந்த பாகத்தை எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு கிலோ மீட்டர்தான் கணக்கு. ஆயில், செயின் ஸ்பிராக்கெட், பிரேக் ஷூ, கோன் செட், கிளட்ச் பிளேட் எல்லாம் ஓட்டத்தை வைத்துத்தான் மாற்றுகிறோம்.

மீட்டர் 20 ஆயிரம் காட்டினால், "இன்னும் டைம் இருக்கு" என்று விட்டுவிடுவோம். உண்மையில் அந்த பாகம் என்றைக்கோ ஆயுசை முடித்திருக்கும்.

பல கார்களில் டைமிங் பெல்ட் என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட கிலோ மீட்டரில் அதை மாற்றியே ஆகவேண்டும். ஓடும்போது அறுந்தால் பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் இடித்து என்ஜினே காலியாகிவிடும். மீட்டரை நம்பி மாற்றாமல் விட்டவர் என்ன பாவம் செய்தார்?

முதலில் மனக்கணக்கு போடுங்க

வண்டி பார்க்கப் போகும்போது எந்த கருவியும் வேண்டாம். ஒரு வகுத்தல் கணக்கு போதும்.

நம்ம டெய்லர் வாங்கிய வண்டிக்கு வயசு 7. மீட்டரில் 19 ஆயிரத்து 400. ஏழால் வகுத்தால் வருடத்துக்கு சுமார் 2 ஆயிரத்து 770. ஒரு நாளைக்கு எட்டு கிலோ மீட்டர் கூட வரவில்லை.

சர்வீஸ் ரெக்கார்டு கணக்கு என்ன? 5 வருடத்தில் 61 ஆயிரத்து 280. வருடத்துக்கு 12 ஆயிரத்து சொச்சம். ஒரு நாளைக்கு 33 கிலோ மீட்டர். தினமும் வேலைக்கு போய் வருகிறவர் வண்டி என்றால் இதுதான் நடைமுறை கணக்கு.

எட்டு கிலோ மீட்டர் ஓடிய வண்டிகளும் உண்டு. வீட்டில் சும்மா நிற்கிற வண்டி, வெளிநாட்டில் இருப்பவர் வண்டி என்று காரணம் இருக்கும். அந்த காரணத்தை விற்பவர் சொல்லட்டும். "முன்னாடி ஓனர் என்ன வேலை? தினமும் எங்கே போய் வந்தார்?" என்று பேச்சோடு பேச்சாக கேளுங்கள். பதில் மீட்டரோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள்.

பைக்கில் எங்கே பார்க்கணும்?

மீட்டர் பொய் சொல்லும். ரப்பர் பொய் சொல்லாது. மெக்கானிக் சொல்லும் இடங்கள் இவை:-

* கால் வைக்கும் புட்ரெஸ்ட் ரப்பர், பிரேக் பெடல், கியர் லீவர், கிக்கர் ரப்பர். 15 ஆயிரம், 20 ஆயிரம் ஓடிய வண்டியில் இவை வழுவழுவென்று தேய்ந்திருக்காது. தேய்ந்திருந்தால் ஒரு கேள்வி. எல்லாமே புத்தம் புதுசாக மாற்றியிருந்தால் இரண்டு கேள்வி!

* செயின் ஸ்பிராக்கெட் பற்களைப் பாருங்கள். பல் கூர்மையாக ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி மாதிரி இருந்தால் வண்டி நன்றாக உழைத்திருக்கிறது என்று அர்த்தம்.

* டிஸ்க் பிரேக் இருந்தால், தட்டின் ஓரத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். வண்டி சூடாக இருக்கும்போது தொடாதீர்கள், சுட்டுவிடும். நடுவில் பள்ளமும் ஓரத்தில் விளிம்பும் தட்டுப்பட்டால் பேட் நிறைய தேய்த்திருக்கிறது.

* சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தை தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாக இடது, வலது திருப்புங்கள். நடுவில் டொக்கென்று பிடித்தால் கோன் செட் போயிருக்கிறது.

* மீட்டர் டப்பாவின் ஸ்குரூவைப் பாருங்கள். தலை சிதைந்திருக்கிறதா? வண்டி முழுக்க பழசாக இருந்து மீட்டர் கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருக்கிறதா? பழைய மாடல் மீட்டர் என்றால் நம்பர்கள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா?

* ஓட்டிப் பார்க்கும்போது கிலோ மீட்டர் நம்பர் நகர்கிறதா என்று பாருங்கள். இரண்டு கிலோ மீட்டராவது ஓட்டினால்தான் தெரியும்.

* காலையில் என்ஜின் குளிர்ந்து இருக்கும்போது போங்கள். முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை வருகிறதா என்று பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி சூடாக வைத்திருந்தால், "மத்தியானம் வர்றேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

டயரில் ஒரு ரகசியம்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க நம்பர் ஒன்று இருக்கும். முதல் இரண்டு, தயாரித்த வாரம். கடைசி இரண்டு, தயாரித்த வருடம். 1422 என்று இருந்தால் 2022-ம் வருடம் 14-வது வாரத்தில் தயாரித்த டயர் என்று அர்த்தம்.

இதை வண்டியின் வருடத்தோடு ஒப்பிடுங்கள். 2017 மாடல் வண்டி, மீட்டரில் 14 ஆயிரம், டயரோ 2022-ல் வந்தது. அப்படியென்றால் 14 ஆயிரம் கிலோ மீட்டருக்குள் பழைய டயர் ஏன் போனது? வெடிப்பு விட்டு மாற்றியிருக்கலாம். பஞ்சராகி மாற்றியிருக்கலாம். ஆனால் இரண்டு டயருமே மாறியிருந்து, அதுவும் பாதி தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள்.

கார், குட்டி யானை வாங்குபவர்களுக்கு...

காரில் ஓட்டுனர் பக்கத்தையும் பக்கத்து சீட்டையும் ஒப்பிட்டால் பாதி உண்மை தெரிந்துவிடும். டிரைவர் சீட் அமுங்கி, ஓரம் கிழிந்து, ஸ்டீயரிங் வழுவழுவென்று பளபளத்து, கிளட்ச் பெடல் ரப்பர் மழித்துப் போயிருந்தால் 30 ஆயிரம் கிலோ மீட்டர் என்பதை நம்ப முடியாது. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்து ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பானெட்டை திறந்தால் அல்லது டிரைவர் கதவு ஓரத்தில் ஆயில் மாற்றிய ஸ்டிக்கர் இருக்கலாம். "அடுத்த சர்வீஸ் 80 ஆயிரம்" என்று எழுதியிருக்கும். மீட்டரை திருத்துகிறவர்கள் இதை கிழிக்க மறந்துவிடுவதும் உண்டு!

பல கார்களில் கிலோ மீட்டர் கணக்கு மீட்டரில் மட்டும் இல்லாமல் வேறு கம்ப்யூட்டர் பெட்டிகளிலும் பதிவாகும். ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக்கை கூட்டிக்கொண்டு போனால் சில வண்டிகளில் இரண்டையும் ஒப்பிட்டு சொல்லிவிடுவார்.

வாடகைக்கு ஓடிய டி போர்டு காரை ஓன் போர்டாக மாற்றி விற்பதும் நடக்கிறது. மாற்றுவது சட்டப்படி குற்றம் இல்லை. ஆனால் டாக்சி ஓடிய வண்டி லட்சக்கணக்கில் ஓடியிருக்கும். ஆர்.சி. விவரத்தையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரலாற்றையும் கேளுங்கள்.

பேப்பரில்தான் இருக்கு உண்மை

கண்ணால் பார்ப்பது சந்தேகத்தை கிளப்பும். நிரூபிப்பது பேப்பர்தான்.

ஒன்று, கம்பெனி சர்வீஸ் சென்டர் ரெக்கார்டு. ஒவ்வொரு சர்வீசிலும் தேதியும் கிலோ மீட்டரும் எழுதுவார்கள். "ஓனரையோ ஆர்.சி.யையோ கூட்டிக்கிட்டு வாங்க, சேர்ந்து போய் ரெக்கார்டு பார்த்துட்டு அட்வான்ஸ் தர்றேன்" என்று சொல்லுங்கள். இதற்கு தயங்குகிறவரிடம் வண்டி வாங்கவேண்டாம்.

இரண்டு, இன்சூரன்ஸ். விபத்து கிளைம் செய்திருந்தால் சர்வேயர் அறிக்கையிலும், ஒர்க் ஷாப் பில்லிலும் கிலோ மீட்டர் இருக்கும்.

மூன்று, எம் பரிவாகன் ஆப். வண்டி எண்ணை போட்டால் பதிவு தேதி, இன்சூரன்ஸ், எப்.சி. எதுவரைக்கும் என்ற விவரங்கள் வரும். இதில் கிலோ மீட்டரை தேடவேண்டாம். வண்டியின் உண்மையான வயசை தெரிந்துகொள்ள இது உதவும்.

மீட்டரே ரிப்பேராகி மாற்றியது என்று சிலர் சொல்வார்கள். அது நிஜமாகவும் இருக்கலாம். அப்படியென்றால் மாற்றிய பில் எங்கே, மாற்றும்போது பழைய மீட்டரில் எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்காவில் 1972-லேயே மீட்டரை திருத்துவதற்கு எதிராக சட்டம் வந்துவிட்டது. வண்டி கை மாறும்போது எவ்வளவு ஓடியது என்று விற்பவர் எழுதி கையெழுத்து போடவேண்டும். 1986-ல் அந்த சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள்.

நம்ம ஊர் ஆர்.சி.யில் கிலோ மீட்டருக்கு இடமே இல்லை. வண்டி எண், என்ஜின் எண், சேஸ் எண் எல்லாம் இருக்கும். ஓட்டம் இருக்காது. தில்லுமுல்லுக்கு வழி திறந்து கிடப்பதே இந்த இடத்தில்தான்.

அதற்காக கேட்க நாதியில்லை என்று அர்த்தம் இல்லை.

பொய் சொல்லி பணம் வாங்கினால் அது மோசடி. முன்பு 420 என்று சொன்னோமே, அதற்கு பதில் 2024 ஜூலை 1-ந் தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு வந்திருக்கிறது. 318(4)-ன் கீழ் 7 ஆண்டு வரை சிறை தண்டனை உண்டு. போலீசில் புகார் கொடுக்கலாம்.

கடைக்காரரிடம் வாங்கியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். 2 வருடத்துக்குள் போகவேண்டும். 1915 என்ற நம்பருக்கு போன் செய்தால் நுகர்வோர் உதவி மையத்தில் வழி சொல்வார்கள். தனி ஆள் தன் சொந்த வண்டியை விற்றிருந்தால் நுகர்வோர் ஆணையம் எடுபடாது. போலீஸ் அல்லது சிவில் கோர்ட்டுதான்.

2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கு மத்திய அரசின் விதி ஒன்று இருக்கிறது. ஆர்.டி.ஓ.விடம் அங்கீகார சான்று வாங்கவேண்டும். பாரம் 29-பி என்று பெயர். தன்னிடம் இருக்கும் வண்டி எதற்காக, யார் ஓட்டி, எவ்வளவு தூரம் போனது என்று கம்ப்யூட்டரில் பதிவேடு வைக்கவேண்டும். "29-பி சான்று இருக்குங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நியாயமான கடைக்காரர் எடுத்துக் காட்டுவார்.

டெலிவரி நோட்டில் ஒரே ஒரு வரி

செலவே இல்லாத பாதுகாப்பு ஒன்று இருக்கிறது.

பணம் கொடுக்கும்போது டெலிவரி நோட் போடுவோம். அதில் தேதி, நேரம் எழுதுவோம். கூடவே ஒரு வரி: "மீட்டரில் இத்தனை கிலோ மீட்டர், இது உண்மையான ஓட்டம்" என்று எழுதி கையெழுத்து வாங்குங்கள். மீட்டர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். உண்மையான ஓட்டம் என்று எழுத மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால், அதுவே உங்களுக்கு பதில்.

வண்டியை விற்கிறவர்களும் இதை செய்யவேண்டும். நீங்கள் 61 ஆயிரம் என்று நியாயமாக விற்ற வண்டியை நடுவில் ஒருவர் 19 ஆயிரமாக்கி விற்றால், நாளைக்கு வாங்கினவர் உங்கள் வீட்டு வாசலில் வந்துதான் நிற்பார். பாரம் 29, 30-ல் வெறுமனே கையெழுத்து போட்டு கொடுத்துவிட்டு வராமல், பெயர் மாறியதா என்று பின்தொடர்ந்து பாருங்கள்.

தப்பு யார் மேல?

திருத்துகிறவன் மேல்தான் தப்பு. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் வாங்குகிற நாமும் ஒரு விஷயம் யோசிக்கவேண்டும். வண்டி பார்க்கப் போனால் முதலில் எட்டிப் பார்ப்பது மீட்டரைத்தான். 70 ஆயிரம் என்றால் முகத்தை திருப்பிக்கொள்கிறோம். 20 ஆயிரம் என்றால் உடனே அட்வான்ஸ் கொடுக்கிறோம்.

"நேரா நேரத்துக்கு ஆயில் மாத்தி, பில்லோட இருக்கிற 70 ஆயிரம் கிலோ மீட்டர் வண்டி, ஆயிலே மாத்தாம ஓட்டின 25 ஆயிரம் வண்டியை விட நல்ல வண்டிங்க. ஆனா யாரு கேக்கறாங்க? உள்ளதை சொல்ற கடைக்காரன் வண்டி நிக்குது, மீட்டரை குறைச்சவன் வண்டி ஓடுது" என்கிறார் அந்த மெக்கானிக்.

நம்பரை மட்டும் பார்த்து விலை போடுகிற வரைக்கும் நம்பரை திருத்துகிற தொழிலும் நிற்கப் போவதில்லை. மீட்டருக்கு கொடுக்கிற மரியாதையை சர்வீஸ் பில்லுக்கு கொடுத்தால், திருத்துவதில் லாபம் இருக்காது.

டெய்லர் என்ன ஆனார்?

கன்சல்டிங்குக்கு போய் சண்டை போட்டார். "மீட்டரை நாங்க தொடவே இல்ல. எங்களுக்கு வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்று கையை விரித்துவிட்டார்கள். டெலிவரி நோட்டில் கிலோ மீட்டர் எழுதவில்லை. அவ்வளவுதான், போனது போனதுதான் என்று விட்டுவிட இருந்தார்.

அவர் மகள் பத்தாவது படிக்கிறாள். அப்பாவின் போனை துழாவிய அவள்தான் அதை கண்டுபிடித்தாள். வண்டி எடுப்பதற்கு முன்பு கடைக்காரர் வாட்ஸ் அப்பில் அனுப்பிய போட்டோ. மீட்டர் தெளிவாக தெரிகிறது. கீழே "19 ஆயிரம் கி.மீ. மட்டுமே, ஒரிஜினல்" என்று கடைக்காரரே டைப் செய்திருக்கிறார்.

ஒரு கையில் அந்த மெசேஜ். இன்னொரு கையில் சர்வீஸ் சென்டரின் 61 ஆயிரத்து 280 ஜாப் கார்டு நகல். இரண்டையும் வைத்து நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறார்.

"காசு வருதோ இல்லையோ, கேக்காம விடறதா இல்லீங்க. தோடு இன்னும் அடகு கடையிலதான் இருக்கு" என்றார்.

பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா? மீட்டரைப் பாருங்கள். ஆனால் கடைசியாக பாருங்கள்.